கரிம வேதியியல்: அம்புக்குறியில் தடுமாற்றம், லேப்பில் எதைப் போட்டாலும் குளோரின்

சேண்பாக்கம்_வெயில் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் வருஷம். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் வழி. கனிமமும் இயற்பியல் வேதியியலும் ஓடிடுது, கரிமம்தான் காலை வாருது. எங்கெங்க இடிக்குதுன்னு சொல்லிடறேன்.

வினைவழிமுறையை நோட்டைப் பார்த்து பத்து தடவை எழுதினா அன்னைக்கு வருது. கேள்வியில ஒரு மெத்தில் கூடுதலா இருந்தா அம்பை எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. எஸ்என்1, எஸ்என்2 (பதிலீடு), இ1, இ2 (நீக்கம்) அட்டவணை மனப்பாடம். ஆனா ஈரிணைய ஹாலைடு (ஹாலஜன் ஒட்டின கார்பன்ல வேற ரெண்டு கார்பன் இருக்கிறது) வந்தா நாலுமே சரின்னு தோணுது. நீர்த்த பொட்டாஷ்னா (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) ஆல்கஹால், ஆல்கஹால் கலந்த பொட்டாஷ்னா ஆல்கீன்னு மட்டும் தெரியும், ஏன்னு தெரியாது. ஃபிஷர் படத்துல (மூலக்கூறைச் சிலுவை மாதிரி தட்டையா வரையறது) ஆர், எஸ்னு முப்பரிமாண அமைப்பைக் குறிக்கச் சொன்னா பாதி தப்பு.

லேப் இன்னும் மோசம். லாசைன் சோதனையில (சேர்மத்தை சோடியத்தோட உருக்கி நைட்ரஜன், கந்தகம், ஹாலஜன் இருக்கான்னு பாக்கறது) எந்தச் சேர்மம் கொடுத்தாலும் சில்வர் நைட்ரேட் விட்டா வெள்ளை வீழ்படிவு வந்து குளோரின்னு காட்டுது. அசோ சாயம் சிவப்பா வராம பழுப்புப் பிசினா வருது. பென்சாயிக் அமிலத்தை மறுபடிகமாக்கினா 2 கிராம்ல 1 கிராம்கூட திரும்பி வரல.

செமஸ்டருக்கு ஆறு வாரம் இருக்கு. எங்க ஆரம்பிக்கலாம்?

---

பாலாறு_மணல்

தம்பி, பத்து தடவை எழுதறதை முதல்ல நிறுத்து. அது கைக்குப் பயிற்சி, கண்ணுக்கு இல்லை.

அம்புக்கு ஒரே சட்டம்தான். வால் எலக்ட்ரான் இருக்கிற இடத்துல, தலை அது போய்ச் சேர்ற இடத்துல. எலக்ட்ரான் இருக்கிற இடம்னா ரெண்டுதான்: தனித்த இரட்டை, இல்லன்னா ஒரு பிணைப்பு. நேர்மின் சுமையிலிருந்து அம்பு கிளம்பவே கிளம்பாது, அங்கதான் எலக்ட்ரானே இல்லையே. பேப்பர் திருத்தறவங்க அதிகமா சுழிக்கிற தப்பு இதுதான்: புரோட்டான்ல ஆரம்பிச்சு இரட்டைப் பிணைப்புக்கு அம்பு போடறது. புரோட்டான் நகருதுன்னு மனசுல நினைச்சுக்கிட்டுப் போடறாங்க. அம்பு அணுவோட பயணத்தைக் காட்டறது இல்லை, எலக்ட்ரான் இரட்டையோட பயணத்தைக் காட்டறது.

புரோப்பீனோட ஹைட்ரஜன் புரோமைடு சேர்றதை எடுத்துக்கோ. முதல் அம்பு இரட்டைப் பிணைப்போட நடுவுல கிளம்பி ஹைட்ரஜனைத் தொடணும். ஹைட்ரஜன் ரெண்டு பிணைப்பு வைக்காது. அதனால அதே நொடியில ரெண்டாவது அம்பு, ஹைட்ரஜன்-புரோமின் பிணைப்பு நடுவுல கிளம்பி புரோமின் மேல முடியணும். இப்போ ஹைட்ரஜன் ஓரக் கார்பன்ல ஒட்டியிருக்கு, நடுக் கார்பன்ல நேர்மின் சுமை. அடுத்த படியில புரோமைடோட தனித்த இரட்டையிலிருந்து நடுக் கார்பனுக்கு ஒரு அம்பு. மூணு அம்போட கதை முடிஞ்சது. ஹைட்ரஜன் நடுக் கார்பன்ல ஒட்டியிருந்தா ஓரத்துல ஓரிணைய நேரயனி வந்திருக்கும், அது தாங்காது. மார்கோவ்னிகாஃப் விதிக்குன்னு (ஹைட்ரஜன் ஏற்கனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பன்ல சேரும்ங்கிறது) தனியா ஒரு பக்கம் படிக்க வேண்டியது இல்லை, அது இந்த மூணு அம்புக்குள்ளயே இருக்கு.

ஒவ்வொரு படி முடிஞ்சதும் சுமையைக் கூட்டிப் பார். ஆரம்பத்துல பூஜ்யம். நடுவுல கார்போ நேரயனி +1, புரோமைடு −1, கூட்டினா பூஜ்யம். ரெண்டு பக்கமும் ஒத்து வரலன்னா அம்பு ஒண்ணு விட்டுப் போயிருக்கு. இன்னொண்ணு, பிணைப்பை வெறும் கோடா வரையற படத்துல ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. வினை நடக்கிற கார்பனுக்கும் அதை ஒட்டின கார்பன்களுக்கும் மட்டும் ஹைட்ரஜனை எழுதிக்கோ. அஞ்சு கை கார்பன் பிறக்கிறது அதை எழுதாம விடறப்பதான்.

"ஒரு மெத்தில் கூடுதலா"ன்னு சொன்னியே, அதுக்கு 3-மெத்தில்பியூட்-1-ஈன் நல்ல உதாரணம். ஹைட்ரஜன் ஒட்டினதும் ஈரிணைய நேரயனி. பக்கத்துக் கார்பன்ல ஒரு ஹைட்ரஜன் இருக்கு. அது தன் எலக்ட்ரான் இரட்டையோட தாண்டி வந்தா நேரயனி மூவிணையமா மாறிடும். அதனால விளைபொருள் கலவையா வரும். நேரயனி எழுதின உடனே, பக்கத்து வீட்டுல இதைவிட நல்ல இடம் இருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாக்கணும். எஸ்என்2 மாதிரி நேரயனியே வராத வினையில இந்த வேலை கிடையாது.

தமிழ் வழியில படிச்சது இங்க சுமை இல்லை, கைமுதல். கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள்னு பேர்லயே யார் எதைத் தேடுறாங்கன்னு இருக்கு. அம்பு எப்பவும் முதலாவதுல கிளம்பி ரெண்டாவதுல முடியும். அரசோட பதினொன்றாம் வகுப்பு வேதியியல் இரண்டாம் தொகுதி தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் இருக்கு. கரிம வேதி வினைகளின் அடிப்படைகள் பாடத்தை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவை படி. உடனிசைவு, தூண்டல் விளைவு, கொள்ளிடத் தடை எல்லாத்துக்கும் ஆங்கில ஜோடி ரெண்டு நாள்ல பிடிபடும்.

---

ஆற்காடு_மக்கன்பேடா

மேல சொன்னதுக்கு ஒரு ஒட்டு. கார்போனைல் பாடத்துல ஹைட்ரஜன் சயனைடு, சோடியம் பைசல்ஃபைட், கிரிக்னார்டு, ஹைட்ராக்சிலமீன், 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன்னு அஞ்சு தலைப்பு போட்டிருப்பாங்க. அம்பு அஞ்சுக்கும் ஒண்ணுதான்: கருக்கவர் பொருள் கார்பனைத் தாக்கும், இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் மேல ஏறும். முதல் மூணு அங்கேயே நின்னுடும், கடைசி ரெண்டுல தண்ணி வெளியேறும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ரெண்டுக்கும் பிஎச் 4.5 பக்கம் வேணும்னு சொல்றதுக்கும் காரணம் அம்புலயே இருக்கு. அமிலம் அதிகமானா நைட்ரஜனோட தனித்த இரட்டையை புரோட்டான் பிடிச்சுக்கும், தாக்க ஆள் இல்லை. அமிலம் குறைஞ்சா ஹைட்ராக்சில் தண்ணியா மாறி வெளியேற வழி இல்லை.

இப்போ எஸ்என், இ தகராறு. அட்டவணையைப் பாக்கிறதுக்கு முன்னாடி கார்பனைப் பார்.

மூவிணையம்னா எஸ்என்2-க்கு இடமே இல்லை, பின்பக்கம் அடைச்சிருக்கு. வலுவான காரம் வந்தா இ2. தண்ணியோ ஆல்கஹாலோ மட்டும் இருந்தா எஸ்என்1, கூடவே கொஞ்சம் இ1. ஓரிணையம்னா எஸ்என்2. விதிவிலக்கு பொட்டாசியம் டெர்ஷரி பியூட்டாக்சைடு, அது பருத்த ஆள், கார்பன்கிட்ட போக முடியாம ஓரத்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கும். நியோபென்டைல் புரோமைடும் ஓரிணையம்தான், ஆனா பக்கத்துல மூணு மெத்தில் காவல் நிக்கிறதால எஸ்என்2 ஆமை வேகம். வைனைல், அரைல் ஹாலைடுல எஸ்என்1-ம் இல்லை, எஸ்என்2-ம் இல்லை.

நீ மாட்டிக்கிறது ஈரிணையம். அங்க வர்ற ஆளோட காரத்தன்மையைக் கேளு. அதோட இணை அமிலத்தின் (அது ஒரு புரோட்டானைப் பிடிச்சா வர்ற அமிலம்) பிகேஏ, அதாவது அமில வலிமை எண் (எண் கூடினா அமிலம் பலவீனம்), சுமார் 12-க்கு மேல போனா (ஹைட்ராக்சைடு, ஈத்தாக்சைடு) இ2 முந்தும். அதுக்குக் கீழ இருந்து, நல்ல கருக்கவர் பொருளாவும் இருந்தா (அயோடைடு, அசைடு, சயனைடு, தயோலேட்டு) எஸ்என்2 முந்தும். 12-ங்கிறது கல்வெட்டு இல்லை, கைக்கணக்கு. ஆனா தேர்வுத்தாள் கேள்வியில பெரும்பாலானதை அது தாங்கும்.

பொட்டாஷ் விஷயம். தண்ணியில ஹைட்ராக்சைடைச் சுத்தி நீர் மூலக்கூறு இறுக்கமா நிக்கும், காரத்தன்மை மழுங்கிடும். ஆல்கஹால்ல அந்தக் கவசம் தளரும், ஒரு பங்கு ஈத்தாக்சைடாவும் மாறும், அதனால ஹைட்ரஜனைப் பிடுங்கறது சுலபம். அதோட ஆல்கஹால் பொட்டாஷை எப்பவும் சூடாக்கித்தான் செய்வாங்க. நீக்க வினையில துகள் எண்ணிக்கை கூடறதால சூடு அந்தப் பக்கம்தான் சாயும். "நீர்த்ததுன்னா ஆல்கஹால் மட்டும்தான் வரும்"னு எழுதாதே, ஈரிணையத்துல கலவைதான்.

---

சேண்பாக்கம்_வெயில்

ரொம்ப நன்றி. (தம்பி இல்ல சார், தங்கச்சி.) ஒண்ணு சரிபார்த்துக்கறேன்: 2-புரோமோபியூட்டேன்ல டிஎம்எஸ்ஓ கரைப்பான்ல சோடியம் சயனைடு போட்டா எஸ்என்2, எத்தனால்ல சோடியம் ஈத்தாக்சைடு போட்டா இ2. சரியா? இ2-ல எந்த ஆல்கீன் எழுதணும்?

---

ஆற்காடு_மக்கன்பேடா

சரிதாம்மா. சயனைடோட இணை அமிலம் பிகேஏ 9.2, ஈத்தாக்சைடோடது 16. முதல்ல எழுதறப்போ முப்பரிமாணம் தலைகீழாகும்னு காட்டு, மார்க் அங்கதான் இருக்கு. ரெண்டாவதுல பியூட்-2-ஈன் பெரும்பங்கு, அதுலயும் டிரான்ஸ். பியூட்-1-ஈன் சிறுபங்கா கூடவே வரும். ஈத்தாக்சைடுக்குப் பதில் டெர்ஷரி பியூட்டாக்சைடு கொடுத்தா பியூட்-1-ஈன் பங்கு ஏறும். வெளியேறும் புரோமினும் பிடுங்கப்படுற ஹைட்ரஜனும் எதிரெதிர்ப் பக்கம் ஒரே தளத்துல நிக்கணும்ங்கிறதையும் படத்துல காட்டிடு. சைக்ளோஹெக்சேன் வளையத்துல கேள்வி வந்தா முழுக் கேள்வியுமே அந்த ஒரு விஷயம்தான்.

---

சோடியம்_டப்பா

லேப் பக்கம் யாரும் வரல, நான் வர்றேன்.

குளோரின் எல்லாத்துலயும் வருதுன்னா ரெண்டு திருடன்ல ஒருத்தன். எவன்னு கண்டுபிடிக்க, பென்சாயிக் அமிலத்தை வெச்சு ஒரு சோதனை போடு. அதுல நைட்ரஜனும் இல்லை, ஹாலஜனும் இல்லை.

அதுலயும் வெள்ளை வந்தா குற்றவாளி தண்ணி. குழாய்த் தண்ணியில குளோரைடு இருக்கும். நம்ம வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து போர் தண்ணியைச் சொல்லவே வேணாம், தோலைப் பதம் கெடாம வைக்கப் போடற உப்பு மொத்தமும் கடைசியில மண்ணுக்குள்ளதான் இறங்குது. சில்வர் நைட்ரேட்டுக்கு அந்த அளவு தாராளம். பீங்கான் கிண்ணம், சோதனைக்குழாய், புனல் எல்லாத்தையும் வாலைவடி நீர்ல கடைசியா ஒரு தடவை அலசணும். சூடான உருக்குக் குழாயை முக்குறதும் வாலைவடி நீர்லதான், அதை வடிகட்டினா வர்றதுதான் வடிநீர்.

பென்சாயிக் அமிலத்துல வராம, அனிலின், யூரியா மாதிரி நைட்ரஜன் உள்ளதுல மட்டும் வந்தா குற்றவாளி சயனைடு. சில்வர் சயனைடும் வெள்ளை, அமோனியாவுல அதுவும் கரையும், அப்படியே குளோரைடு வேஷம். அதனாலதான் வடிநீர் 2 மி.லி. எடுத்து, அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்து, அளவு பாதியா குறையற வரைக்கும் கொதிக்க வைக்கணும்னு சொல்றது. "லேசா சூடாக்கு"ன்னு நோட்ல இருக்கும், அது போதாது. சயனைடு வாயுவா வெளிய வரும், புகைப்பெட்டிக்குள்ள வெச்சுச் செய், முகத்தைக் கிட்ட கொண்டு போகாதே. கந்தகம் இருந்தாலும் இதே வேலை, விட்டுட்டா கருப்பா சில்வர் சல்ஃபைடு வரும்.

வடிநீர் நிறமில்லாம இருக்கணும். பழுப்பா வந்தா உருக்கல் அரைகுறை, மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதே, புதுசா உருக்கு. சோடியம் மிளகு அளவு போதும். மண்ணெண்ணெயை வடிதாள்ல ஒத்தி எடுத்து, வெள்ளைத் தோலைச் சீவிட்டு பளபளப்பான துண்டைப் போடு. சேர்மம் போட்டதும் எடுத்த எடுப்புல சுடரைக் கூட்டினா அது ஆவியாகி ஓடிடும், நைட்ரஜன் "இல்லை"ன்னு வரும். சிறு தீயில ஆரம்பிச்சு, குழாய் அடி செக்கச் சிவக்கற வரைக்கும் போ. நைட்ரஜன் சோதனையில பிரஷ்யன் நீலத்துக்குப் பதில் ரத்தச் சிவப்பு வந்தா தப்பு இல்லை. நைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்து தயோசயனேட்டா நிக்குது, சோடியம் பத்தல.

அசோ சாயம். அங்க எதிரி நம்ம ஊர் வெயில். டயசோனியம் உப்பு 5 டிகிரிக்கு மேல போனா நைட்ரஜனை விட்டுட்டு ஃபீனாலாகும், அந்த ஃபீனால் மிச்சமிருக்கிற டயசோனியத்தோட கோத்துக்கும். நீ பாத்த பிசின் அதுதான். அனிலின் 0.3 மி.லி., அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி., தண்ணி 3 மி.லி. ஒரு குழாய்ல. சோடியம் நைட்ரைட் 0.25 கிராம், 2 மி.லி. தண்ணியில இன்னொண்ணுல. 2-நாஃப்தால் 0.5 கிராம், 10% சோடியம் ஹைட்ராக்சைடு 8 மி.லி.-ல மூணாவது. எல்லாரும் முதல் குழாயை மட்டும் ஐஸ்ல வைக்கிறாங்க. மூணையும் வைக்கணும். ஏப்ரல், மே மாசத்துல வெறும் ஐஸ் அரை மணி நேரத்துல தண்ணியாயிடும், மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போடு. வெப்பமானி ஐஸ்ல இல்லை, குழாய்க்குள்ள இருக்கணும். நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டா விட்டு, ரெண்டு நிமிஷம் விட்டு நாஃப்தாலுக்குள்ள ஊத்து. சிவப்புக்குப் பதில் மஞ்சள் வந்தா அமிலம் குறைவு, மிச்ச அனிலினே டயசோனியத்தைப் பிடிச்சுக்கிச்சு.

மறுபடிகமாக்கல். பென்சாயிக் அமிலம் 100 மி.லி. தண்ணியில 25 டிகிரியில சுமார் 0.34 கிராம் கரையும், 40 டிகிரியில 0.55 கிராம். ஐஸ் குளிர்ல 0.17 கிராம்தான். 2 கிராமுக்குக் கொதிநீர் 50 மி.லி. தாராளம். பயந்துகிட்டு 150 மி.லி. ஊத்தி, லேப் வெப்பத்துலயே ஆற விட்டு, குழாய்த் தண்ணியில மூணு தடவை கழுவினா கிட்டத்தட்ட பாதி சிங்குக்குப் போயிருக்கும். முதல்ல தானா ஆற விடு, படிகம் விழுந்ததும் கால் மணி நேரம் ஐஸ்ல வை, ஐஸ் நீர் 5 மி.லி.-ல ஒரே தடவை கழுவு. சூடா வடிகட்டறப்போ புனல் தண்டுக்குள்ள படிகம் அடைக்கும், குட்டைத் தண்டுப் புனலைக் கொதிநீர்ல காட்டிட்டு மடிப்பு வடிதாள் போடு. நல்லா காயாம உருகுநிலை பாத்தா 122-க்குப் பதில் பத்து டிகிரி கீழ காட்டும்.

கேக்காத ஒண்ணு: டைஎத்தில் ஈதரோட கொதிநிலை 34.6 டிகிரி. மே மாசம் நம்ம லேப் அதைவிடச் சூடு. பாட்டிலை ஐஸ்ல வெச்சுட்டுத்தான் திற, பிரிபுனலைக் குலுக்கற ஒவ்வொரு தடவையும் காத்தைத் திறந்து விடு. அதோட ஆவி காத்தைவிடக் கனம், மேசையோட தவழ்ந்து போய் அடுத்தவங்க பர்னரைத் தொடும்.

---

கொண்டக்கடலை_கைரல்

ஆர், எஸ்-க்கு கடையில மாடல் வாங்க வேணாம். ராத்திரி ஊறவெச்ச கொண்டக்கடலை, 5 செ.மீ. அளவுல வெட்டின ஈர்க்குச்சி நாலு. மூணு குச்சியை முக்காலி மாதிரி நிறுத்தி நாலாவதை நேரா மேல குத்து. குச்சி நுனிகளுக்கு நடுவுல எந்த ரெண்டை அளந்தாலும் 8.2 செ.மீ. வந்தா கோணம் 109.5 டிகிரி சரியா உக்காந்திருக்கு. நுனியில பச்சைப் பட்டாணி, வேர்க்கடலை, மிளகு, புளியங்கொட்டைன்னு நாலு தினுசு குத்திக்கோ. ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடிப் பிம்பம் மாதிரி ரெண்டு பொம்மை செய்து ஒண்ணை ஒண்ணு மேல பொருத்திப் பாரு, கைரல்னா என்னன்னு வாயால சொல்ல வேண்டியதில்லை.

ஃபிஷர் படத்துல கிடைக்கோட்டுல இருக்கிறது உன்னை நோக்கி வருது, செங்குத்துல இருக்கிறது பின்னால போகுது. அதனால கடைசி முன்னுரிமைத் தொகுதி கிடைக்கோட்டுல இருந்தா வர்ற விடையைத் திருப்பிப் போடு. லாக்டிக் அமிலம்: மேல கார்பாக்சில், கீழ மெத்தில், வலது ஹைட்ராக்சில், இடது ஹைட்ரஜன். ஹைட்ராக்சில்-கார்பாக்சில்-மெத்தில் வரிசை இடஞ்சுழியா போகுது, எஸ்னு தோணும். ஹைட்ரஜன் கிடையில இருக்கு, திருப்பு: ஆர். பாதி தப்பாகுதுன்னு சொன்னியே, இந்தத் திருப்பலைத்தான் விட்டிருப்பே. படத்தை 90 டிகிரி சுத்திப் பாக்கிற பழக்கம் இருந்தா அதையும் விடு, மூலக்கூறே மாறிடும். 180 டிகிரி சுத்தலாம்.

---

பேரணாம்பட்டு_பதம்

மேல எல்லாரும் மனப்பாடம் வேணாம்ங்கிற மாதிரி பேசறாங்க. எனக்கு அதுல முழுச் சம்மதம் இல்லை. பத்துப் பிகேஏ எண் நாக்கு நுனியில இல்லாம அம்பு மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கார்பாக்சிலிக் அமிலம் 4.8, கார்பானிக் அமிலம் 6.4, அமோனியம் 9.2, ஃபீனால் 10, தண்ணி 15.7, எத்தனால் 16, அசிட்டோன் 19 பக்கம், ஓர ஆல்கைன் 25, அமோனியா 38, ஆல்கேன் 50. சுவத்துல எழுதி ஒட்டிக்கோம்மா.

லேப்ல பாதி இதுலயே அடங்கும். பைகார்பனேட்ல பென்சாயிக் அமிலம் நுரைக்குது, ஃபீனால் நுரைக்கல, ஏன்? நடுவுல 6.4 நிக்குது. ஆனா பிக்ரிக் அமிலம் பேருக்கு ஃபீனால், மூணு நைட்ரோ இழுக்கற இழுப்புல அதுவும் நுரைக்கும். கொடுத்த சேர்மத்துல நைட்ரஜன் இருந்து, மஞ்சளாவும் இருந்து, நுரையும் வந்தா அவசரப்பட்டு கார்பாக்சிலிக் அமிலம்னு எழுதிடாதே.

லூகாஸ் சோதனைக்கும் (ஆல்கஹால் எந்த இணையம்னு பாக்கறது) ஒரு வார்த்தை. மூவிணையம் உடனே கலங்கும், ஈரிணையம் அஞ்சு நிமிஷத்துக்குள்ள, ஓரிணையம் அறை வெப்பத்துல கலங்காது. அந்த "அறை" 25 டிகிரி அறை. நம்ம மதிய லேப்ல நேரக் கணக்கு முன்ன பின்ன போகும், தெரிஞ்ச ஈரிணைய ஆல்கஹால் ஒண்ணைப் பக்கத்துலயே ஓட்டு. டெர்ஷரி பியூட்டைல் ஆல்கஹால் திண்மம்னு புத்தகத்துல போட்டிருக்கும், உருகுநிலை 25 பக்கம். இங்க மார்கழிக் காலையைத் தவிர பாட்டில்ல அது தண்ணியாத்தான் கிடக்கும். அதைப் பாத்து லேபிள் தப்புன்னு நினைச்சுக்காதே.

ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து இமீன் ஆகறது மனசுல நிக்கலன்னா தோல் ஷெட்டை நினைச்சுக்கோ. குளூட்டரால்டிஹைடு பதனிடல்ல தோல் புரதத்தோட லைசின் அமீன்ல ஆல்டிஹைடு போய்க் கோக்கறதும் அதே அம்புதான். நடுநிலை ஃபெர்ரிக் குளோரைடைக் கடுக்காய்த் தண்ணியில ஒரு சொட்டு விட்டா நீலக் கருப்பு, ஆவாரம்பட்டைத் தண்ணியில பச்சை சாயல். ரெண்டுமே ஃபீனால்தான். ஃபீனால் சோதனைன்னா ஊதா மட்டும்தான்னு நினைக்கிறவங்க இதைச் செய்து பாக்கணும்.

---

சேண்பாக்கம்_வெயில்

சோடியம்_டப்பா அண்ணா, சேர்மமே போடாம வெறும் தண்ணியில நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பாத்தேன். குழாய்த் தண்ணி பால் மாதிரி ஆச்சு. ஆனா வாலைவடி நீர்லயும் லேசா ஒரு மங்கல் தெரியுது. அப்போ அதுவும் கெட்டதா?

---

சோடியம்_டப்பா

தண்ணி மேல உடனே பழி போடாதே. மூணு பேர்ல ஒருத்தர்: தண்ணி, அமிலம், குழாய். முதல்ல குழாயை நைட்ரிக் அமிலத்துல அலசி வாலைவடி நீர் ஊத்திக் கழுவிட்டு மறுபடி பாரு. மங்கல் போகலன்னா வேற பாட்டில் நைட்ரிக் அமிலம் எடு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல முக்கின சொட்டுக்குழாயை இதுல விட்டுட்டா போச்சு, பொது மேசைப் பாட்டில்ல இது சகஜம். அப்பவும் மங்கினா கடைசியா தண்ணி, பீய்ச்சு பாட்டில்ல யாராவது குழாய்த் தண்ணி நிரப்பி வெச்சிருப்பாங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. மூணையும் சேர்த்து மாத்தினா சரியாகும், ஆனா எது கெட்டதுன்னு தெரியாமலே அடுத்த வாரமும் இதே மங்கல்ல நிப்பே.